மூன்று எழுத்து, இரண்டு மரம்

சத்துர்னினோ யாவ்ரி எங்கள் ஊருக்கு ஆடு மேய்க்க வந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. பெரு நாட்டில் உவான்காவெலிகா மலைப்பக்கத்துக்காரன். மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவன் இருபத்து மூன்று வருடம் இருந்தான். கோடையில் அமெரிக்காவின் வடக்கு நெவாடா மலைகள், குளிர்காலத்தில் தெற்கே பாலைவெளி, நடுவே ஆட்டுமயிர் கத்தரிக்கும்போது சில நாள் ஊர். அவன் வாழ்க்கை இவ்வளவுதான் என்று ஒருவர் எழுதி முடித்தால் அதில் பொய் எதுவும் இருக்காது.

வியந்து சொல்ல அவனிடம் அதிகம் இல்லை. நல்ல மேய்ப்பன்தான், மிகச் சிறந்தவன் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடம் அவன் அசந்திருந்ததால் பதினொரு குட்டிகளைக் கயோட்டி நரிகள் கொண்டுபோயின. தணலில் புதைத்துச் சுடும் ரொட்டி கடைசிவரை அவனுக்குச் சரியாக வரவில்லை. நாய்களிடம் கனிவும் மனிதர்களிடம் கூச்சமும் உள்ளவன். அவன் ஒரு தவறு செய்தான். அதை யாரும் அறியாமல் மறைத்துவிட அவனுக்கு ஒரு வழி கிடைத்தது. அந்த வழியில் அவன் பாதி தூரம் போனான். அவனைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பாதி தூரம்தான் காரணம்.

அவன் முதல் கோடை 1983. கொப்பரை மலை என்று நாங்கள் அழைக்கும் மலையில் ஆயிரம் ஆடுகள், அவற்றின் குட்டிகள், இரண்டு நாய்கள், ஒரு கோவேறு கழுதை, சக்கரம் வைத்த சிறிய கூண்டு வண்டி. ஆயிரத்தை யாரும் எண்ண முடியாது. நூறு வெள்ளை ஆட்டுக்கு ஒரு கறுப்பு ஆடு என்று மந்தையில் சேர்த்திருப்பார்கள். பத்துக் கறுப்பும் கண்ணில் பட்டால் மந்தை முழுதாக இருக்கிறது என்று பொருள். வாரம் ஒரு முறை மனெஷ் வருவார். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் உள்ள பாஸ்க் நாட்டிலிருந்து இளவயதில் வந்து, தானும் மேய்ப்பனாக இருந்து, இப்போது மலைமேல் இருக்கும் மேய்ப்பர்களுக்கு உருளைக்கிழங்கும் பயறும் கடிதமும் கொண்டுவந்து கொடுக்கும் வேலையில் இருந்தவர். அவருக்கும் சத்துர்னினோவுக்கும் பொதுவாக இருந்தது ஸ்பானிஷ் மட்டும். சத்துர்னினோவின் வீட்டு மொழியான கெச்சுவாவைப் பேச அந்த மலையில் யாருமில்லை. முதல் மாதம் ஆடுகளிடம் பேசினான். இரண்டாம் மாதம் அதையும் விட்டுவிட்டான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு முடிவுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை மனெஷ் வந்து போனதும் மந்தையை அப்படியே விட்டுவிட்டு நெடுஞ்சாலை வரை நடந்துவிடுவது. அவனுக்கு முன்னும் சிலர் அப்படிப் போயிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஒரு கறுப்பு ஆடு குறைந்தது. தேடிக்கொண்டு ஒரு சரிவுக்குள் இறங்கினான். அங்கே ஆஸ்பென் மரங்கள் நெருக்கமாக நின்றன. வெள்ளை வெளேரென்ற பட்டை. அதில் ஒரு பெரிய மரத்தில், மார்பு உயரத்தில், கறுப்பாக மூன்று ஆங்கில எழுத்து. ஒரு கூடாரம், இரட்டை முகடுள்ள ஒரு மலை, மறுபடி ஒரு கூடாரம். அமா.

கெச்சுவாவில் ஒரு செயலைத் தடுக்க வேண்டுமானால் முதலில் 'அமா' என்று சொல்ல வேண்டும். எதைச் செய்யக்கூடாது என்பது பிறகுதான் வரும். திருடாதே, பொய் சொல்லாதே, சோம்பியிராதே என்று அவன் ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லும் மூன்று கட்டளைகளும் அந்தச் சொல்லில் தொடங்குகின்றன. அந்தச் சொல்லை அவன் பல்லாயிரம் தடவை கேட்டிருக்கிறான். எழுதிப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் மட்டும்தான் எழுத வைத்தார்கள். இப்போது தாய் வாயில் மட்டும் இருந்த சொல், யாருமற்ற ஒரு மலையில் ஒரு மரத்தின் உடம்பில் நின்றது. கீழே ஈ, ஐ என்று இன்னும் இரண்டு ஆங்கில எழுத்து. அதற்கும் கீழே 1931.

அவன் போகவில்லை. அந்தச் சொல்தான் அவனை நிறுத்தியது என்று பிற்காலத்தில் அவனே சொன்னதுண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கறுப்பு ஆடும் அகப்பட்டது. ஒப்பந்தத்தை முறித்தால் ஊரில் காத்திருக்கும் தம்பிக்கு விசா கிடைக்காது. மனிதன் ஓரிடத்தில் தங்கிப்போவதற்குக் காரணங்கள் பல இருக்கும். பிறகு அவற்றில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்கிறான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மனெஷிடம் மரத்தைப் பற்றிச் சொன்னான். தன் நாட்டான் எவனோ ஐம்பது வருடத்துக்கு முன்பே இங்கே வந்திருக்கிறான் என்றான். மனெஷ் உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிக்கொண்டே சிரித்தார்.

"உன் நாட்டான் இல்லடா. எங்காளு. எங்க பாஷையில அமான்னா பெத்தவ. எவனோ பெத்தவளை நெனச்சுக் கீறிட்டுப் போயிருக்கான்."

"எங்க பாஷையில 'செய்யாதே'ன்னு அர்த்தம்."

"என்னைப் பெத்தவளும் நாள் பூரா அதைத்தான் சொல்லிட்டு இருந்தா. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

அதோடு மரத்தில் எழுதுவதற்கான முறையையும் மனெஷ் சொன்னார். அது மேய்ப்பர்களின் சட்டம். கத்தி முனையால் முடி அளவு மெல்லிதாகக் கீற வேண்டும். பட்டையின் மேல்தோல் மட்டும் பிளக்க வேண்டும். கீறியவன் கண்ணுக்கு அப்போது எதுவும் தெரியாது. மரம் அந்தக் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆறிய தழும்புதான் எழுத்து. வெளிறித் தெரிய மூன்று வருடம், கறுக்க ஏழெட்டு வருடம். எழுதுவது மரம்தான், மனிதன் இடத்தைத்தான் காட்டுகிறான். ஆழமாக வெட்டினால் மரம் ஆற்ற முடியாமல் வீங்கி, வெடித்து, எழுத்தைத் தின்றுவிடும். அடுத்தவன் எழுத்தின்மேல் கத்தி வைக்கக் கூடாது. மரத்தில் படித்ததை ஊருக்குள் கொண்டுபோகவும் கூடாது. தூக்கத்தில் ஒருவன் உளறியதை வெளியே சொல்வது போன்றது அது.

அந்த வாரமே சத்துர்னினோ பெரிய மரத்திலிருந்து பத்தடி தள்ளி ஓர் இளமரத்தைத் தேர்ந்துகொண்டு கீறினான். அமா. அடுத்து என்ன எழுதுவது என்று நின்றான். ஓடாதே என்றா, அழாதே என்றா, மறக்காதே என்றா? கத்தியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றும் மீதிச் சொல் வரவில்லை. மடக்கி வைத்துவிட்டான். மறுநாள் போய்ப் பார்த்தால் பட்டை வெறுமையாக இருந்தது.

ஒவ்வொரு கோடையிலும் அந்தச் சரிவுக்குப் போனான். மூன்றாம் வருடம் அவன் எழுத்து வெளிறித் தெரிந்தது. எட்டாம் வருடம் நல்ல கறுப்பு. ஆனால் அவன் போனது பெரிய மரத்தைப் பார்க்கத்தான். மதியம் ஆடுகள் நிழலில் படுக்கும் நேரத்தில் அதில் சாய்ந்து உட்காருவான். மனெஷ் இறந்துபோனார். நாய்கள் மாறின. ஊரில் அவன் தாயும் இறந்தாள். செய்தி ஒன்பது நாள் கழித்து வந்தது. அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அன்று அந்தச் சொல்லை எந்த மொழியில் படித்தான் என்று நான் கேட்டதில்லை.

ஆஸ்பென் மனிதனைப் போலத்தான். எண்பது, தொண்ணூறு வருடம். அகன்றுகொண்டே போகும் மரத்தோடு எழுத்தும் அகலும். 2001 கோடையில் அந்தக் கோடுகள் விரல் தடிமனுக்கு வந்திருந்தன. நடு எழுத்தின் முகடுகள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கிவிட்டன. இன்னும் சில வருடத்தில் அது ஒரு கறுப்புத் திட்டாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. எல்லாச் சட்டமும் தெரிந்த அவன், குட்டிகளின் வாலை நறுக்கும் கத்தியைத் தீட்டி, எழுத்தின் விளிம்புகளை மரத்தின் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி எடுத்தான். அன்று மாலை எழுத்துகள் புதிதாகச் செதுக்கிய கல்வெட்டு போல இருந்தன. திருப்தியாக இறங்கினான்.

அடுத்த கோடையில் வெட்டிய இடமெல்லாம் சீழ் போலச் சாறு வடிந்து காய்ந்திருந்தது. பட்டை சுருண்டு பிளந்து கிடந்தது. உள்ளே பூச்சி. எழுத்து இருந்த இடத்தில் கரிப்பொடி அப்பிய ஒரு பெரிய புண். ஈயும் ஐயும் போயின, வருடமும் போயிற்று. மேலே கிளைகள் பாதிக்குமேல் இலை விடவில்லை. அவன் அந்தச் சரிவில் ஆடுகளை நிழலுக்கு விடுவதை நிறுத்திவிட்டான்.

இதற்குள் டொமினிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மேய்ப்பர்கள் தங்கும் விடுதியை நாற்பது வருடம் நடத்திய பாஸ்க் பெண்மணி. 2003-இல் எண்பத்தெட்டு வயது. சமையலை மற்றவர்களிடம் விட்டுவிட்டார். ஆனால் எல்லோரும் சேர்ந்து உண்ணும் நீள மேசையின் தலைமாட்டு நாற்காலி அவருடையதுதான். கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே இருப்பவரைப் பார்க்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்புவார். ஸ்பானிஷில் வீட்டுத் தலைவியையும் 'அமா' என்பதுண்டு. அதனால் சாப்பிட வருபவர்கள் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். மேய்ப்பர்கள் மட்டும் மரியாதையாக 'டோன்யா' என்பார்கள்.

அந்த வருடம் மே மாதம், மயிர் கத்தரிப்பு முடிந்த ஒரு ஞாயிறு மதியம். மேசையில் சூப், அவரைப் பயறு, ஆட்டுக்கறி, கண்ணாடித் தம்ளர்களில் ஒயின். டொமினிகாவைக் கவனித்துக்கொள்ள வரும் நெனிதா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிலிப்பைன்ஸில் இலோகோஸ் பக்கத்துப் பெண். யாரோ "அமா, அந்த ரொட்டியை இங்க தள்ளுங்க" என்றதும் அவள் சிரித்துவிட்டாள்.

"எங்க பாஷையில அமான்னா அப்பா. இவங்களை நீங்க அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் மீசை வச்ச எங்கப்பா மூஞ்சிதான் எனக்கு ஞாபகம் வருது."

"எனக்கும் மீசை இருக்கு. நீதான் சரியாப் பாக்கல" என்றார் டொமினிகா.

மேசைக் கோடியில் இருந்த லாரி ஓட்டுநர் வெய்ன், ஓக்லஹோமாவைச் சேர்ந்த செரோக்கி இனத்தவர். தங்கள் பக்கம் அமா என்றால் தண்ணீர் என்றார்; கொஞ்சம் இழுத்துச் சொன்னால் உப்பு. அப்படியானால் சூப்பும் நான்தான் என்றார் டொமினிகா. மேசை சிரித்தது.

இதில் எந்த மொழிக்கும் மற்றதோடு இரத்த உறவு இல்லை. பாஸ்க் மொழிக்கு உலகத்தில் சொந்தமே இல்லை என்கிறார்கள். அந்தச் சொல் ஒரு வீட்டில் பிறந்து பல திசைக்குப் போகவில்லை; வேறு வேறு மண்ணில் தனித்தனியாக முளைத்தது. குழந்தை உதட்டை மூடித் திறக்கிறது, ஓர் ஒலி வருகிறது. பக்கத்தில் நிற்பவர் தன்னைத்தான் அழைக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். ஓரிடத்தில் தாய் நின்றிருப்பாள், ஓரிடத்தில் தகப்பன். தண்ணீருக்கும் தடைச்சொல்லுக்கும் அந்த விளக்கம்கூடப் பொருந்தாது. மனித வாய் சிறியது, அதில் அடங்கும் ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டியவையோ ஏராளம். ஒரே ஒலியில் பல பேர் வந்து இடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். அதில் அற்புதம் எதையும் நான் காணவில்லை. இடித்துக்கொண்டவர்கள் ஒருவரை ஒருவர் என்ன செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வழக்கமாக வாய் திறக்காத சத்துர்னினோ அன்று ஒயினின் தைரியத்தில் பேசினான். தங்கள் மொழியில் அது 'செய்யாதே' என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொப்பரை மலையில் ஒரு மரத்தில் அந்தச் சொல் இருந்தது என்றும், பாஸ்க்காரர் ஒருவர் எழுதியது என்றும், கீழே ஈ, ஐ, 1931 என்றும் சொல்லிவிட்டான். மரத்தில் படித்ததை மேசைக்குக் கொண்டுவந்தது அவன் செய்த இரண்டாவது பிழை.

டொமினிகா முள்கரண்டியை வைத்தார். எந்த மாதம் என்று கேட்டார். மாதம் இல்லை என்றான்.

"எர்ரமுன் இரிகாரை" என்றார். "எங்கண்ணன். என்னை அங்க கூட்டிட்டுப் போ."

சத்துர்னினோ தட்டைத் தள்ளி வைத்தான். பாதை மோசம் என்றான். மோசமான பாதையில்தான் இந்த நாட்டுக்கே வந்தேன் என்றார் அவர். மரம் வயதானது என்றான். நானும்தான் என்றார். மரம் கெட்டுவிட்டது, கெடுத்தது நான் என்ற இரண்டு வாக்கியம் அவன் வாயில் இருந்தன. மேசையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஜூலையில் அழைத்துப்போவதாக ஒத்துக்கொண்டான்.

மலைக்குப் போனதும் முதலில் அந்தச் சரிவுக்குத்தான் ஓடினான். பெரிய மரம் முழுக்கக் காய்ந்துவிட்டது. பத்தடி தள்ளி அவனுடைய மரம். இருபது வருடத்தில் அது இடுப்பளவு பருத்திருந்தது. வெள்ளைப் பட்டையில் மூன்று எழுத்தும் மை வைத்தது போல நின்றன. அதே கூடாரம், அதே மலை, அதே கூடாரம். அன்று பார்த்துப் பார்த்து எழுதியது. முன்பின் பார்க்காதவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கண் தெரியாதவருக்குச் சொல்லவே வேண்டாம். அவர் கையை எடுத்து அங்கே வைத்தால் போதும். ஈயும் ஐயும் பட்டையோடு உதிர்ந்துவிட்டன என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நட்டமில்லை, ஒரு கிழவி நிம்மதியாகப் போவார். மூன்று வாரம் இதையே யோசித்தான். யோசிக்க யோசிக்க அது கருணை போலவே தெரிந்தது.

ஜூலையில் ஒரு காலை நெனிதா தன் விடுமுறை நாளில் டொமினிகாவைப் பிக்கப் வண்டியில் கொண்டுவந்தாள். பாதை முடியும் இடத்திலிருந்து சரிவு இருநூறு அடி. நெனிதாவுக்கு முழங்கால் வலி. நாய்களோடு வண்டியிலேயே இருந்துகொண்டாள். சத்துர்னினோ டொமினிகாவைக் கைத்தாங்கலாக இறக்கினான். நாலடிக்கு ஒரு முறை நின்றார்கள். நிற்கும்போதெல்லாம் டொமினிகா பேசினார்.

தாய் இறந்தது 1931 மே மாதம். அண்ணன் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிதம் எழுதியது டொமினிகா, பதினாறு வயது. கப்பலும் ரயிலும் கழுதையும் மாறி அது மலைக்கு வந்து சேர ஆகஸ்ட் ஆகியிருக்கும்.

"அதுல என்ன எழுதினேன் தெரியுமா? நீ போனதாலதான் செத்தா, உன்னைத்தான் கூப்பிட்டுட்டே செத்தான்னு எழுதினேன். மொதப் பாதி எனக்கே தெரியாது. ரெண்டாவது பாதி பொய். அவ யாரையும் கூப்பிடல. நினைவே இல்லாமத்தான் கெடந்தா."

ஐந்து வருடம் கழித்து டொமினிகாவும் இந்த நாட்டுக்கு வந்தார். அண்ணன் ரயில் நிலையத்துக்கு வந்து பெட்டியைத் தூக்கினார், வேலை பிடித்துக் கொடுத்தார். தாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு முறை டொமினிகா பேச்செடுத்தபோது சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். அதன்பிறகு முப்பது வருடம், நாற்பது மைல் தூரத்தில், இருவரும் அந்நியர்கள். 1970-இல் அவர் இறந்தார். கல்நெஞ்சக்காரன், பெற்றவளுக்காகக்கூட அழாதவன் என்று டொமினிகா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், தனக்குத்தானேயும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அழுதான் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கடிதத்துக்குத் தானே பொறுப்பு என்று ஆகிவிடும்.

"இப்பத் தெரிஞ்சுக்கணும். பொறுப்பாளியாப் போனாப் பரவால்ல."

மரங்களுக்குள் வந்துவிட்டார்கள். வலப்பக்கம் திரும்பினால் காய்ந்த மரம். சத்துர்னினோ இடப்பக்கம் திரும்பினான். தன் மரத்தின் முன் அவரை நிறுத்தி, கையைப் பிடித்து எழுத்தின்மேல் வைத்தான்.

டொமினிகாவின் விரல்கள் முதல் கூடாரத்தின் மேலேறி இறங்கின. மலையின் இரண்டு முகடுகளையும் கடந்தன. கடைசிக் கூடாரத்தில் நின்றுவிட்டன. மறுபடி முதலிலிருந்து. பிறகு நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டு பாஸ்க் மொழியில் மெதுவாகப் பேசத் தொடங்கினார். சத்துர்னினோவுக்கு அந்த மொழியில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். அது நடுநடுவே வந்தது. மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று புரிந்தது. எழுபத்திரண்டு வருடம் வைத்திருந்த மன்னிப்பை அவர் தன் அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவனுடைய மரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

எழுத்தை மாற்றிக் காட்டிவிடலாம் என்றுதான் அவன் கணக்கிட்டிருந்தான். அவர் கொடுக்கப்போவதை இந்த இடத்தில் நின்று யார் வாங்கிக்கொள்வது என்பதை அவன் யோசித்திருக்கவில்லை.

"டோன்யா, இது அவர் எழுதினது இல்ல."

அவர் நெற்றியை எடுத்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அவனைப் பார்க்க முயன்றார்.

"பின்ன யாரு?"

"நான். வந்த மொதக் கோடையில. அவரோடது பத்தடி தள்ளி நிக்குது. அது அழியப் போகுதேன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆழமா வெட்டினேன். செத்துப்போச்சு."

"ஆழமா வெட்டக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் கையை நீட்டினார். கூட்டிப் போ என்று பொருள். காய்ந்த மரத்தின் முன் நிறுத்தினான். இந்த முறை அவர் கையை அவன் பிடித்து வைக்கவில்லை. அவரே தேடித் துழாவினார். பட்டை உதிர்ந்தது, விரலெல்லாம் கரி. மேலும் கீழும் அங்குலம் அங்குலமாகத் தடவினார். ஓரத்தில், புண் பரவாத ஓரிடத்தில், கடைசிக் கூடாரத்தின் வலதுகால் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குப் பழைய தழும்பாகவே மிஞ்சியிருந்தது. சத்துர்னினோவே அதைக் கவனித்ததில்லை. அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். இந்த முறை எதுவும் பேசவில்லை. சொல்ல இருந்ததை ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. இரண்டாம் தடவை சொல்லவா என்று எண்ணியிருக்கலாம்.

சாய்ந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்ததும் கேட்டார்:

"நீ என்ன எழுத வந்த? எதைச் செய்யாதேன்னு?"

"தெரியல டோன்யா. அதுக்கு மேல வரல. அப்படியே நின்னுட்டேன்."

"அவனுக்கும் அதுக்கு மேல வரல" என்றார். "என் கடுதாசியைப் படிச்சிட்டு ஒருத்தன் வேற என்னத்த எழுதுவான்."

ஆஸ்பென் தோப்பில் தனித்தனி மரம் என்று எதுவும் இல்லை. மண்ணுக்கடியில் ஒரே வேர். அதிலிருந்துதான் அத்தனை மரங்களும் எழும்புகின்றன. பத்தடி இடைவெளியில் நின்ற அந்த இரண்டும் அப்படித்தான். அவற்றின் மேலிருந்த சொல்லுக்கு அப்படி ஒரு பொது வேர் கிடையாது. இதிலிருந்து ஒரு பாடம் எடுக்க நான் பலமுறை முயன்று, விட்டுவிட்டேன்.

கிளம்பும் முன் டொமினிகா சொன்னார்: "கத்தி வச்சிருக்கியா? உன் மரத்துல, உன் எழுத்துக்குக் கீழ, அவன் பேரைப் போடு. ஈ, ஐ. உன் மரம்தானே, சட்டம் ஒண்ணும் குறுக்க வராது."

"அது தெரிய ஏழெட்டு வருஷமாகும் டோன்யா."

"நான் பாக்கறதுக்கா கேட்டேன்?"

அவன் கத்தியை எடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடி அளவுக்கு, மேல்தோல் மட்டும் பிளக்கும்படி இரண்டு எழுத்தையும் கீறினான். வருடம் என்று வந்தபோது நிறுத்தினான். 1931 என்று போட்டால் நாளைக்கு வருகிறவன் இதையே பழைய மரம் என்று நினைப்பான். சற்றுமுன் வாயால் சொல்லாமல் விட்ட பொய்யைக் கத்தியால் சொன்னது போலாகும். எதைப் போடட்டும் என்று கேட்டான்.

டொமினிகா யோசித்தார்.

"அவன் நின்ன நாள் அந்த மரத்தோட போச்சு. நாம நிக்கிற நாளைப் போடு."

2003 என்று கீறினான். கீறி முடித்ததும் பட்டையில் எதுவும் தெரியவில்லை. டொமினிகா விரலால் தடவிப் பார்த்தார். அவர் விரலுக்கும் எதுவும் தட்டுப்படவில்லை.

"சரியாத்தான் பண்ணியிருக்க" என்றார்.

அடுத்த பிப்ரவரியில் அவர் இறந்தார். காய்ந்த மரம் அதே வருடம் காற்றில் விழுந்தது. சத்துர்னினோ இன்னும் இரண்டு கோடை மேய்த்துவிட்டு 2006-இல் உவான்காவெலிகாவுக்குத் திரும்பினான். போவதற்கு முந்தைய நாள் அந்தச் சரிவுக்குப் போய்வந்தான். கீறிய இடத்தில் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டேன். வெளுப்பாக ஒரு கோடு இருந்தது, இல்லாமலும் இருக்கலாம், வெயில் கண்ணில் அடித்தது என்றான்.